பரஸ்யமும் ரகஸ்யமும்

"டீச்சரே, பரஸ்யமும் ரகஸ்யமும் இரட்டைப் பிள்ளைங்களா?"

மழை விடாமல் பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மறைக்கல்வி வகுப்பில் நாலாம் வகுப்பு ஐரின் இப்படிக் கேட்டபோது லிஜி சிரித்துவிட்டாள். அந்த ஊர்ப் பேச்சில் விளம்பரத்துக்கும் பரஸ்யம் என்றுதான் பெயர். நாலு பேருக்குத் தெரிந்துபோன சங்கதிக்கும் பரஸ்யம் என்றுதான் பெயர். ஒரே மாதிரி சட்டை போட்டிருக்கே, அதனால்தான் கேட்டேன் என்றாள் குழந்தை. இரட்டைப் பிள்ளைகள்தான், ஒருத்தி வாயைத் திறக்க மாட்டாள், இன்னொருத்தி வாயை மூட மாட்டாள் என்று லிஜி சொல்ல, வகுப்பே சிரித்தது. பிறகு எல்லோரும் அதை மறந்துபோனார்கள். அவளும் மறந்துபோனாள்.

ஐப்பசியில் ஒரு காலை, குளிக்கும்போது, சோப்பு வழுக்கிய விரல் இடது மார்பில் ஓரிடத்தில் நின்றது. பட்டாணி அளவில் ஒரு கட்டி. அமுக்கினால் வலிக்கவில்லை. வலித்திருந்தால் அவளுக்குப் பயம் குறைந்திருக்கும். தண்ணீர் வாளி நிறைந்து வழிந்து காலை நனைத்துக்கொண்டே இருந்தது. குழாயை மூட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. கணவன் ஷாஜன் ரப்பர் லோடு ஏற்றிக்கொண்டு லாரியில் போனால் திரும்பி வர ஐந்தாறு நாளாகும். ஒரே மகள் டெல்னாவுக்குச் சம்பந்தம் முடிவாகி, அடுத்த வாரம் சனிக்கிழமை தேவாலயத்தில் வைத்து மனசம்மதம் என்கிற நிச்சயதார்த்தம். அது முடிந்து இரண்டு மாதத்தில் கல்யாணம். பையன் ஜிபின் அதே தேவாலயப் பங்கைச் சேர்ந்தவன். அவனுடைய அம்மா ரோஸிலி, தேவாலயத்து அன்னையர் சங்கத்தின் தலைவி. கெட்டவள் இல்லை. யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் கஞ்சித் தூக்கோடு போய் நிற்பவள். ஆனால் போன வருஷம் வேறொரு வீட்டில், பெண்ணின் தாய்க்கு மார்பில் அந்த நோய் என்று தெரிந்ததும் நிச்சயம் முறிந்துபோனது. "பாவம்தான், இல்லேன்னு சொல்லலை. ஆனா அது ரத்தத்துல ஓடுற சீக்காச்சே, நம்ம பிள்ளைங்களையும் பாக்கணும்ல" என்று ரோஸிலி அன்றைக்குச் சொன்னதை லிஜி பக்கத்தில் நின்று கேட்டவள். கேட்டுத் தலையை ஆட்டியும் இருந்தாள்.

அதனால் கல்யாணம் முடிகிற வரை யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவு செய்துகொண்டாள். இரண்டு மாதம்தானே. வேண்டிக்கொண்டால் தேவமாதா பார்த்துக்கொள்வாள். இப்படித் தன்னைத்தானே தேற்றிக்கொண்டாலும் அந்தக் கட்டி எதுவாக இருக்கும் என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. வீட்டில் இருந்த போன் அவளுடையது என்று பெயர்தான். டெல்னா அதில்தான் பட்டுச்சேலை பார்ப்பாள், ஷாஜன் வந்தால் அதில்தான் சினிமா பார்ப்பான். ஆகவே தான் எழுத்து வேலை பார்க்கிற பங்கு அலுவலகத்தில், ஞானஸ்நானச் சான்றிதழ்களும் பூசைக் கருத்துகளும் அடித்துக் கொடுக்கிற லேப்டாப்பில், கதவைச் சாத்திக்கொண்டு இரண்டே தடவை தேடிப் பார்த்தாள். படித்தவை எல்லாம் பயமுறுத்தின. தேடியதற்கான சுவடு இருக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டு, அலுவலகத்தைப் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டினாள்.

அழித்தது அவள் பக்கத்தில் மட்டும்தான் அழிந்தது போல. மறுநாள், வரும் ஞாயிற்றுக்கான வாசகத்தை எடுக்க வழக்கமான பக்கத்தைத் திறந்தபோது, நற்செய்திக்குப் பக்கத்தில் ஒரு பெண் மார்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். "அறியாமல் வளர்கிறதா?" என்று கேட்டது கீழே இருந்த எழுத்து. சாவுச் செய்திப் பக்கத்தில் கத்தி வைக்காமல் கட்டியைக் கரைக்கிற எண்ணெய். அரிசி விலை பார்த்தால் அங்கேயும் அதே பெண். திருமணச் சான்றிதழ் வாங்க வந்த கன்னியாஸ்திரீ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபோது, வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது என்று சொல்லித் திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். ஆண்டவரிடம்கூட வாய்விட்டுச் சொல்லாத ஒன்றை இந்த இரும்புப் பெட்டி ஊருக்கெல்லாம் கூவி விற்கிறதே என்று நினைத்தபோதுதான் ஐரினின் கேள்வி நினைவுக்கு வந்தது. இப்போது சிரிப்பு வரவில்லை.

அவள் அதிகம் பயந்தது கப்பியார் ஔதச்சேட்டனுக்கு. மணியடிப்பது, பீடத்தில் திரி ஏற்றுவது, மாதா சிலை இருக்கிற கெபிக்கு முன்னால் மெழுகு சுரண்டுவது, குழி வெட்ட ஆள் பிடிப்பது என்று தேவாலயத்தின் கைவேலை முழுக்க அவர் பொறுப்பு. வயது அறுபத்து நாலு. பங்கில் யார் செத்தார்கள் என்று தெரிந்து துக்கமணி அடிக்க வேண்டும் என்ற சாக்கில், தினமும் காலை அலுவலகத்துக்கு வந்து பால் விடாத கட்டங்காப்பி குடித்துக்கொண்டே லேப்டாப்பில் பத்திரிகையின் சாவுப் பக்கத்தைப் படிப்பார். அப்படியே ஊர்க்கதை முழுவதையும் சொல்லி முடிப்பார். யார் வீட்டு மாடு யார் வாழையைத் தின்றது, எந்த மருமகள் எந்த நாளில் பெட்டியோடு தாய்வீடு போனாள் எல்லாம் அவர் வாயில்தான் முதலில் வரும். ஔதச்சேட்டனுக்கு இரண்டு மணி, ஒன்று கோபுரத்தில் தொங்குகிறது என்று இளைஞர்கள் கேலி செய்வார்கள்.

வெள்ளிக்கிழமை பங்குச்சாமி விகாரியச்சனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு லிஜி திரும்பி வந்தபோது அவர் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தார். காப்பி தொடப்படாமல் ஆறிப் போயிருந்தது. அவள் மேஜைக்கு இந்தப் பக்கம் நின்றாள். திரையில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"லிஜிக்கொச்சே," என்றார் கடைசியில், "இந்தப் பரஸ்யத்தை நிறுத்த வழியே இல்லையா?"

எந்தப் பரஸ்யத்தைக் கேட்கிறார்? திரையில் நிற்கிற பெண்ணையா, இல்லை, ஊருக்குத் தெரியப் போவதையா?

"எந்தப் பரஸ்யம், சேட்டா?"

அவர் ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "செத்தவன் பேரைப் படிக்க வந்த கிழவனுக்கு எண்ணெய் விக்கிறான் பாரு. எனக்கென்ன முடி மொளைக்கவா போகுது" என்று வழுக்கையைத் தடவிக்கொண்டு எழுந்தார். காப்பி அப்படியே இருந்தது. அவர் காப்பியை மிச்சம் வைத்து அவள் பார்த்ததில்லை.

அன்று முழுக்க அவள் அவர் யாரோடு நின்று பேசுகிறார் என்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மெழுகுவர்த்தி விற்கிறவளோடு பேசினார். ஆட்டோக்காரனோடு பேசினார். மாலையில் ரோஸிலி பூச்சட்டியோடு வந்தபோது அவளோடும் பேசினார், இருவரும் சிரித்தார்கள். என்ன சிரிப்பு என்று போய்க் கேட்கவா முடியும்? வீட்டில் டெல்னா மனசம்மதச் சேலையைத் தோளில் போட்டுக் காட்டி, நிறம் எடுக்கிறதா அம்மா என்று கேட்டாள். எடுக்கிறது என்றாள். எந்த நிறம் என்று பிறகு யோசித்தால் நினைவில்லை.

சனிக்கிழமை காலை அச்சன் சொன்ன செய்தி அவளை இன்னும் உலுக்கியது. ஞாயிறு மூன்று மணிக்கு அன்னையர் சங்கத்து ஆண்டுவிழா. பாட்டுப் புத்தகம் எல்லோருக்கும் பத்தாது. ஆகவே பாடல் வரிகளை இணையத்திலிருந்தே எடுத்துக் கூடத்துச் சுவரில் பெரிதாகக் காட்டிவிடலாம். மத்தியானம் ஔதா வந்து லேப்டாப்பைக் கொண்டுபோய் மாட்டிச் சரிபார்க்கட்டும். கன்னியர் மடத்து லேப்டாப்பை வாங்கலாமே என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அது பழுதாகிக் கடையில் கிடக்கிறது என்றார் அச்சன்.

சுவர் அளவுக்கு அந்தப் பெண் மார்பில் கைவைத்து நிற்பாள். முன் வரிசையில் ரோஸிலி இருப்பாள். இந்த லேப்டாப்பில் உட்காருகிற பெண் ஒருத்திதான் என்று பங்கில் யாருக்குத் தெரியாது?

அச்சன் போனதும், பரஸ்யத்தை நிறுத்துவது எப்படி என்று தட்டினாள். முதலில் வந்த பக்கத்தைத் திறந்தாள். பரஸ்யம் நிற்க வேண்டுமானால் அனுமதி என்ற பொத்தானை அழுத்துங்கள் என்றது. நிற்பதற்குத்தானே அனுமதி கேட்கிறது என்று நினைத்து அழுத்தினாள். மறுபடி கேட்டது; மறுபடி அழுத்தினாள். ஒரு நிமிஷம் ஒன்றும் ஆகவில்லை. அவள் நிம்மதியாகச் சிலுவை போட்டுக்கொள்ளக் கை எடுத்தபோது, திரையின் மூலையிலிருந்து சிவப்பாக ஒரு கட்டம் வழுக்கிக்கொண்டு வந்தது. உங்கள் கணினியில் ஐந்து வைரஸ் என்றது. அதன் தலைமேல் இன்னொன்று. அதன் மேல் எண்ணெய்ப் புட்டி. அதன் மேல் அந்தப் பெண். பக்கத்தை மூடினாலும் நிற்கவில்லை. ஞானஸ்நானப் பதிவின் மேல், ஒரு பச்சைக் குழந்தையின் பெயருக்கு மேல், வந்து நின்றது. அனுமதி கொடுத்தது, வருவதற்கு. அது புரிந்தபோது மூடியை அறைந்து மூடினாள்.

பிறகு செய்ததை நினைத்து அவள் பல நாள் வெட்கப்பட்டாள். சார்ஜரைச் சுருட்டித் தன் பையில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள். பாட்டரி அரை மணி நேரம்கூடத் தாங்காது. சார்ஜரைக் காணோம் என்றால் விழாவைப் பாட்டுப் புத்தகத்தோடு நடத்திவிடுவார்கள். வாசல் வளைவு வரை போனாள். அங்கே நின்றாள். திருட்டு என்ற சொல் நாலாம் வகுப்புக்கு எழுதிப் போட்ட கரும்பலகையோடு கண்முன் வந்தது. ஆண்டவரே, என்னால் முடியலை என்று மட்டும் மனசுக்குள் சொன்னாள். திரும்பி வந்து, சார்ஜரை மேஜைமேல் வைக்கும்போது, ஔதச்சேட்டன் கதவருகில் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன, சார்ஜர் ஊர் சுத்திப் பாக்கப் போச்சா?"

அவள் உதடு கோணியது.

அவர் லேப்டாப்பையும் சார்ஜரையும் ஒரு குழந்தையைத் தூக்குவது போல மார்போடு சேர்த்து எடுத்துக்கொண்டார். "நீ வீட்டுக்குப் போ கொச்சே. சனிக்கிழமை மத்தி நல்லா வந்திருக்கு கடையில. வாங்கிக் கறிவச்சுச் சாப்பிட்டுத் தூங்கு" என்றார். சிரிக்கவில்லை.

அவள் மத்தி வாங்கவில்லை. தூங்கவும் இல்லை.

ஞாயிறு காலைப் பூசை முடிந்து வெளியே வந்தபோது கெபிக்கு முன்னால் சின்னக் கூட்டம். மெழுகுவர்த்தி குத்துகிற இரும்புத் தாங்கியில் வெள்ளிக்கிழமை நவநாள் மெழுகு முழுக்க உருகி நிரம்பி, புதிதாகக் குத்தியவை சாய்ந்து, ஒரு மூதாட்டியின் முண்டில் சொட்டிவிட்டது. சனிக்கிழமை மத்தியானம் சுரண்டியிருக்க வேண்டியது. அச்சன் எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். முடியவில்லை என்றால் சொல்லிவிடலாம், வேறு ஆள் பார்க்கலாம் என்று தேவாலயக் கணக்கு வழக்குப் பார்க்கிற கைக்காரர் தன் பங்குக்குச் சொன்னார். "தூங்கிப்போயிட்டேன் அச்சா. கெழவனாயிட்டேன்ல" என்று ஔதச்சேட்டன் தலையைச் சொறிந்தார். உச்சியில மணியடிக்கிறவருக்கே மணி தெரியலையா என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். லிஜியும் சிரித்தாள். அவள் மனம் மூன்று மணியில் இருந்தது.

மூன்று மணிக்குக் கூடத்தில் விளக்கை அணைத்தார்கள். ரோஸிலி தன் பக்கத்து நாற்காலியைத் தட்டி அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். வருங்காலச் சம்பந்தி என்ற உரிமையில் அவள் கையையும் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை சூடாக இருந்தது. தன் கை பனிக்கட்டியாக இருப்பது அவளுக்குத் தெரிந்துவிடும் என்று லிஜி விரல்களை மடக்கினாள். ஜெபமாலையின் ஒரு மணியை மற்றக் கையால் பிடித்திருந்தாள். அடுத்த மணிக்கு நகர மறந்திருந்தாள்.

சுவரில் வெளிச்சம் விழுந்தது. அச்சன் பாட்டுப் பக்கத்தைத் திறந்தார். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

பாட்டு வந்தது. நாலு வரி, பெரிய எழுத்தில். அதன் வலது பக்கம், அந்தப் பெண் நிற்க வேண்டிய இடத்தில், ஒன்றுமில்லை. வெறும் வெள்ளை. மூலையிலிருந்து ஏதாவது வழுக்கி வருமா என்று அவள் கண் அங்கேயே நின்றது. வரவில்லை. இரண்டாம் பாட்டுக்கு வேறு பக்கம் திறந்தார். அங்கும் வெள்ளை. மேலே ஓரத்தில் சின்னதாக ஒரு அடையாளம். அதில் பதினொன்று என்ற எண். "என்னாச்சு, கையெல்லாம் இப்பிடிச் சில்லுன்னு?" என்று ரோஸிலி காதருகே கேட்டாள். பந்தல்காரன் இன்னும் வரவில்லை, அந்தக் கவலைதான் என்றாள் லிஜி. அதுவும் பொய். ஆனால் பாட்டில் அவள் குரல் சேர்ந்துகொண்டது.

விழா முடிந்து லேப்டாப்பை அலுவலகத்துக்குக் கொண்டுவந்து கதவைச் சாத்தினாள். அந்த அடையாளத்தைத் தொட்டாள். "இந்தப் பக்கத்தில் தடுத்த பரஸ்யம் பதினொன்று" என்று அவள் மொழியிலேயே இருந்தது. யார் வைத்தது? சுவடுகளைத் திறந்து பார்த்தாள். அவள் அழிப்பாள், வைத்தவருக்கு அழிக்கத் தெரிந்திருக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு பத்தில் ஆரம்பித்திருந்தது. ஒற்றை விரலால், எழுத்துப் பிழையோடு, ஒரு பெரியவரிடம் கேட்பது போலக் கேட்டிருந்தார். பரஸ்யம் நிக்க என்ன செய்யணும். தெரியாம அனுமதி குடுத்துட்டா திருப்பி வாங்குறது எப்படி. செவப்புக் கட்டம் வராம இருக்க வழி. இது ஏமாத்துற பக்கமா. நல்ல தடுப்பு எது. எங்க அமுக்கணும். நாற்பது வரிக்கு மேல் இருந்தது. ஒரே கேள்வியை நாலு விதமாகக் கேட்டிருந்தார். நடுவில் ஒரு இடத்தில், யாரிடம் சொல்கிறார் என்று தெரியாமல், "கொஞ்சம் மெதுவா சொல்லு" என்று தட்டியிருந்தார். ஐந்தேகால் மணி வரை போயிருந்தது. மெழுகு சுரண்டுகிற நேரம். தூங்கிப்போயிட்டேன் அச்சா. அந்தச் சிரிப்பில் தானும் சேர்ந்தது அவளுக்கு இப்போது நெஞ்சில் வந்து இடித்தது.

கடைசி வரி தடுப்பைப் பற்றியது அல்ல. கோட்டயத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் மார்புக் கட்டிக்குப் பெண் டாக்டர் எந்தக் கிழமை என்று கேட்டிருந்தார். வந்த பக்கத்தை மூடாமல் அப்படியே விட்டிருந்தார். செவ்வாய், வியாழன், காலை எட்டு மணி முதல்.

பயம் போய்விடவில்லை. இத்தனை நாள் அவள் பயந்தது அந்தப் பெண்ணுக்கும் எண்ணெய்க்கும் ரோஸிலிக்கும். அவர்கள் எல்லோரும் விலகிய வெள்ளை இடத்தில் இப்போது கட்டி மட்டும் தனியாக நின்றது. இனி அதைப் பார்க்காமல் இருக்கச் சாக்கு இல்லை. கிழமையையும் நேரத்தையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். பிறகு அந்த நாற்பது வரியையும் ஒவ்வொன்றாக அழித்தாள். கிழவர் ஒருவர் பெண்பிள்ளைகள் சமாச்சாரத்தைத் தேடினார் என்று நாளைக்கு யாராவது சிரிக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்து, டெல்னா சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"செவ்வாக்கிழமை லீவு போடு மோளே. என்கூட ஒரு எடத்துக்கு வரணும்."

"எங்கம்மா? சேலைக்கடைக்கா?"

"இல்ல," என்றாள் லிஜி. "கதவைச் சாத்திட்டு வா, சொல்றேன்."

திங்கட்கிழமை காலை ஔதச்சேட்டன் வழக்கம் போல வந்தார். சாவுப் பக்கம் படித்தார். காப்பியைச் சொட்டு விடாமல் குடித்தார். கிழக்கே ஒரு வீட்டில் ஆடு கிணற்றில் விழுந்து தீயணைப்புக்காரர்கள் வந்த கதையைச் சொன்னார். அவளும் கேட்டாள், சிரித்தாள். நன்றி என்று ஒரு சொல் தொண்டை வரை வந்தது. சொன்னால், அவருக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும் என்று ஆகிவிடும். அவர் பொத்திவைத்திருப்பதைத் திறந்து காட்டியதாகிவிடும். அதனால் சொல்லவில்லை. முதுகு பிடித்துக்கொண்டது, சாயங்காலம் உட்கார்ந்து அந்த மெழுகைப் பார்க்கணும் என்று சொல்லிக்கொண்டே எழுந்து போனார்.

மத்தியானம் ஒரு மணிக்கு அவர் சோறு உண்ண வீட்டுக்குப் போவார். வெயில் தாழ்ந்துதான் வருவார். அச்சன் ஆயரின் அரமனைக்குப் போயிருந்தார். வளாகத்தில் காக்கைகள் மட்டும்தான். லிஜி வீட்டுக்குப் போய் ஒரு மொட்டைக் கத்தியும் பழைய பிஸ்கட் டின்னும் எடுத்துக்கொண்டு, குளக்கரைப் பாதை வழியாகத் திரும்பி வந்தாள்.

கெபிக்கு முன்னால் முழங்காலிட்டுச் சுரண்டத் தொடங்கினாள். ஐந்து வரிசை, வரிசைக்கு இருபது முள். மேல் மெழுகு வெயிலில் இளகி எளிதாக வந்தது. அடியில் இருந்தது கல்லாக இறுகியிருந்தது. யார் யாரோ எதற்கு எதற்கோ ஏற்றியது: பரீட்சைக்கு, விசாவுக்கு, காணாமல்போன மாட்டுக்கு, வாய்விட்டுச் சொல்ல முடியாதவற்றுக்கு. எல்லாம் ஒன்றாக உருகி ஒரே நிறமாகக் கிடந்தது. கத்தி இரண்டு தடவை விரலைக் கீறியது. சேலை முந்தியால் சுற்றிக்கொண்டு தொடர்ந்தாள். இடது கையை ஓங்கும்போது மார்பில் அந்த இடம் தன்னை நினைவூட்டியது. அவள் நிறுத்தவில்லை.

கடைசி வரிசையின் ஓரத்தில் ஒன்று வரவே மாட்டேன் என்றது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு அதன் மேல் விரல்களை வைத்தாள். உருண்டையாக, கெட்டியாக இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ, விரலின் சூட்டில் அதன் ஓரம் மெல்ல இளகியது. கத்தி முனையைக் கொடுத்தாள். முழுசாக வந்து உள்ளங்கையில் விழுந்தது. நேற்று எழுதி, கழுவியும் போகாமல் மங்கிக் கிடந்த நீல எழுத்தின் மேல்.

அதையும் டின்னில் போட்டு, டின்னை ஔதச்சேட்டன் கத்தி வைக்கிற கல்மாடத்தில் வைத்துவிட்டு, துணியால் இரும்பை ஒருமுறை துடைத்தாள். தூரத்தில் பாதை வளைவில் அவருடைய இருமல் கேட்டது. அவள் குளக்கரைப் பக்கமாக இறங்கி நடந்தாள். பின்னால் நூறு முள்ளும் வெயிலில் வெறுமையாக நின்றன.